மேயர் பெயர் கொண்ட சிலந்தி

பக்கத்து ஊரான லூம்பாங்கின் மேயர் பெயரை ஒரு தவளைக்கு வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த நாளிலிருந்து சான் கலிஸ்தோ மேயர் ருஸ்திகோ விலாமோருக்குச் சோறு இறங்கவில்லை. லூம்பாங் எல்லையில் பேனர் ஒன்று எழும்பியிருந்தது. இடப்பக்கம் அந்த ஊர் மேயர், வலப்பக்கம் தவளை. இரண்டு பேருமே ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘விஞ்ஞானம் போற்றும் எங்கள் தலைவர்’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படகுத்துறைக்குப் போகிற எவனும் அந்தத் தவளையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேயரும் போனார்.

“அந்த ஆளுக்குத் தவளை. எனக்கு என்னய்யா இருக்கு?” என்று நகரசபையில் வந்து கேட்டார்.

அவருக்கு இல்லாததா? சந்தைக்கு அவர் பெயர். பாலத்துக்கு அவர் பெயர். கூடைப்பந்து மைதானத்துக்கும் மழைக்கு ஒதுங்கும் நிழற்குடைகள் அத்தனைக்கும் அவர் பெயர். குப்பை லாரியில் கூட அவர் பெயரும் படமும் உண்டு. ஆனால் மூச்சு விடுகிற எதற்கும் தன் பெயர் இல்லை என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. எல்லாரும் குனிந்துகொண்டார்கள். பிறகு, வழக்கம்போல, எல்லாரும் சிமோவைப் பார்த்தார்கள்.

சிமோ நகரசபையில் தற்காலிக ஊழியன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேயர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு ஆறு மாதம் ஓடும். யாருக்கும் சேராத வேலையெல்லாம் அவனிடம் வந்து சேரும்: தெருநாய், கரகரக்கும் மைக், கரை ஒதுங்கிய திமிங்கிலம். ஒவ்வொரு ஜூனிலும் டிசம்பரிலும் அவன் மேயர் அறை வாசலையே சுற்றிக்கொண்டிருப்பான். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் வீட்டில் பிள்ளை இல்லை. “மொதல்ல உன் வேலை நிரந்தரமாகட்டும். நீயே ஆறு மாசக் குழந்தையா இருக்கும்போது எனக்கு இன்னொண்ணு எதுக்கு?” என்று அவன் மனைவி நெனிதா கறாராகச் சொல்லிவிட்டாள். சிமோவுக்குப் பிள்ளை ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

“சிமோ, எனக்கு ஒரு உயிர் வேணும்” என்றார் மேயர்.

“என்ன உயிர் மேயர்?”

“யாரும் இதுவரைக்கும் பேர் வைக்காத உயிர். தவளையைவிட ஒரு படி மேலே இருக்கணும். தேடிக் கொண்டா. கொண்டு வந்தா உன் நிரந்தரப் பதவியைப் பத்திப் பேசலாம்.”

‘கொடுக்கிறேன்’ என்று சொல்லவில்லை, ‘பேசலாம்’ என்றுதான் சொன்னார். அதற்கே சிமோ அன்று வீட்டுக்கு ஓட்டமாக ஓடினான்.

சான் கலிஸ்தோவில் தேடாமலே கிடைப்பது சிலந்திதான். வாழைத் தோட்டத்திலும் மின்கம்பியிலும் வலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பையன்கள் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுச் சண்டைக்கு விடுவார்கள். ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று வரி வரியாக, ஒன்று வெளுத்துப்போய், ஒன்று ஊதாவாக. வாழைச் சிலந்தி என்பார்கள் எல்லாவற்றையும். சிமோ கட்டைவிரல் பருமனில் ஒரு செம்மஞ்சள் சிலந்தியைப் பிடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு, பசிக்குமே என்று ஒரு வெட்டுக்கிளியையும் உள்ளே போட்டுக் கொண்டுபோனான்.

அதை ஆராய்ந்து பெயர் வைக்க மாகாணக் கல்லூரியிலிருந்து டாக்டர் எவாரிஸ்தோ கிண்டானா வரவழைக்கப்பட்டார். கூட்டம் காலை எட்டுக்குத் தொடங்கியது, அதாவது பத்தரைக்கு. முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, கவுன்சிலர் தாமியானின் மகள் பாடிய இரண்டு பாட்டு. பிறகு நூடுல்ஸும் அரிசிக் கேக்கும் வந்தன. அதற்கப்புறம்தான் டாக்டர் கிண்டானா எழுந்து மைக்கைத் தட்டினார்.

“இருபத்தஞ்சு வருஷமா நான் சிலந்தி ஆராய்ச்சி பண்றேன். உயிரோட இருக்கிற ஒரு சிலந்தியைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்தது கிடையாது. பார்க்கவும் மாட்டேன். ஏன்னா, உயிருள்ள சிலந்தியை நம்பக் கூடாது. நகரும். சாப்பிடும். நிறம் மாத்தும். என்கிட்ட சாராயக் குப்பில வர்றதுங்க அப்படி இல்ல, ரொம்ப ஒழுக்கமா இருக்கும். ஒரே ஒரு சங்கடம். சாராயத்துல போட்டதும் எல்லாமே ஒரே பழுப்பா ஆயிடுது. அப்புறம் எதை வெச்சு இது வேற, அது வேறன்னு எழுதறது? வித்தியாசம் இருந்தாத்தானே புதுசு? அதனால நிறத்தை மட்டும் நீங்களே முடிவு பண்ணிக் கொடுத்துடணும்.”

கைத்தட்டல். சிமோவுக்கு ஏதோ இடித்தது. ஆனால் இடிக்கிறது என்று சொல்லத் தற்காலிக ஊழியனுக்கு இடமில்லை.

“வேற வழி எதுவும் இல்லையா டாக்டர்?” என்று கேட்டார் ஒரு கவுன்சிலர்.

“இருக்கு. அடிவயித்துல... வந்து... பிறப்புறுப்பை லென்ஸ் வெச்சுப் பார்த்தா சந்தேகமே இல்லாமச் சொல்லிடலாம். உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க.”

பங்குத்தந்தை செருமினார். கவுன்சிலர் தாமியான் முகம் சிவக்க எழுந்தார்.

“மேயர் பேரைத் தாங்கப்போற ஜீவனோட அந்த இடத்தை லென்ஸ் வெச்சுப் பார்க்கிறதா? லூம்பாங்காரன் தவளைக்கு அப்படிப் பார்த்தானா? நாளைக்கு வெளியில தலை காட்ட முடியுமா நம்மால?”

சான் கலிஸ்தோ எல்லைக்குள் எந்தச் சிலந்தியின் அடிவயிற்றையும் யாரும் பார்க்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த அவையில் ஒருமனதாக எதுவும் நிறைவேறி நெடுநாளாகியிருந்தது.

காரணம் துணை மேயர். அவையை நடத்துவது துணை மேயர் பூரிதா விலாமோர். மேயரின் மனைவி. மேயர் மெலிந்த, குள்ளமான மனிதர். அந்த அம்மாள் வாசலில் நின்றால் உள்ளே விளக்குப் போட வேண்டும். வருகிற தேர்தலில் தானே மேயர் பதவிக்கு நிற்பதாக அவர் அறிவித்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. மேயர் கட்சிக்குச் செம்மஞ்சள், அம்மாள் கட்சிக்கு ஊதா. எட்டு கவுன்சிலர்களில் நான்கு பேர் செம்மஞ்சள் சட்டை, நான்கு பேர் ஊதாச் சட்டை.

சிமோ டப்பாவைத் திறந்தான். அதற்குள் வெட்டுக்கிளியைத் தின்று முடித்திருந்த சிலந்தி, கறுத்து, பாதி ஊதாவாகிவிட்டிருந்தது.

“காலைல செம்மஞ்சளாத்தான் இருந்துச்சு” என்றான் சிமோ.

“இப்பவும் செம்மஞ்சள்தான்” என்றார் தாமியான், செம்மஞ்சள் சட்டைக்காரர்.

“கண்ணு என்ன பொட்டையா? ஊதாய்யா அது!” என்றார் எதிரில் இருந்தவர்.

வாக்கெடுப்பு நடந்தது. செம்மஞ்சள் நான்கு, ஊதா நான்கு. சமநிலை ஆனதால் துணை மேயர் தன் வாக்கைப் போட்டார். சிலந்தி ஊதா என்று முடிவானது. மேயர் உடனே தன் அதிகாரத்தால் அந்த முடிவை ரத்து செய்தார். சிலந்தி டப்பாவின் ஓரத்தில் உட்கார்ந்து காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

டாக்டர் கிண்டானா கையை உயர்த்தினார். “சண்டை வேண்டாம். நிறத்துல ஒத்துப்போகலைன்னா அது ரெண்டு இனம். விஞ்ஞானத்துல இதுக்கு இடம் இருக்கு.”

இப்படித்தான் ஒரு டப்பாவிலிருந்து இரண்டு இனம் வந்தது. ஊதா, துணை மேயர் பெயரில் பூரிதா சிலந்தி. செம்மஞ்சளுக்கு மேயர் பெயர், ஆனால் அதற்கு ஆள் இல்லை. “போய்ப் பிடிச்சிட்டு வா” என்று சிமோவை விரட்டினார்கள். அவன் நாளெல்லாம் அலைந்து, கடைசியில் முன்பு பிடித்த அதே வாழைமரத்தில், அதே வலையின் ஓரத்தில், மிளகு பருமனில் பளீரென்று ஒரு செம்மஞ்சள் சிலந்தியைக் கண்டான். மேயருக்கு அளவு பிடிக்கவில்லை.

“இது என்னடா, மூக்குல ஏறிடும் போல இருக்கு?”

“படம் எடுத்துப் பெரிசு பண்ணிக்கலாம் மேயர்” என்றார் தாமியான்.

பேனரில் அது எருமை அளவுக்கு வந்தது. மேயர் அதன் கால்களுக்கு நடுவே நின்று கையசைத்தார். அதற்குப் பிறகு அவர் நிஜச் சிலந்தியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இனி கவுன்சிலர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று, முதுகில் கோடு போட்டது ஒன்று, கோடு இல்லாதது ஒன்று என்று எட்டு பேருக்கும் எட்டு இனம் பிறந்தது. தாமியானுடையதற்கு ஒரு கால் இல்லை. ‘ஏழு கால் சிலந்தி, உலகிலேயே அரிது’ என்று அதற்குத் தனி பேனர். பெயர் சூட்டு விழாவை மாதா கோயில் முற்றத்தில் ஞானஸ்நானம் மாதிரியே நடத்தினார்கள். ஒவ்வொரு சிலந்திக்கும் ஆறு ஞானத்தந்தைகள், ஆறு ஞானத்தாய்கள். முழுப் பன்றி சுட்டு வைத்திருந்தார்கள். டாக்டர் கிண்டானா எழுதிய விவரிப்பு நகரசபைச் சிறப்பு மலரில் வெளியானது. மேயர் பெயர் மேலே, துணை மேயர் பெயர் கீழே என்று அச்சானபோது அம்மாள் அச்சகத்துக்கே போய் நின்றார். மாற்றிப் போட்டபோது மேயர் போய் நின்றார். முடிவில் ஒரே நாள், ஒரே பக்கம், ஒரே வரிசையில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெயரும் அச்சாகின.

பெயர் தாங்கும் சிலந்தியைச் சாராயத்தில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. டாக்டர் குப்பியை நீட்டினார்.

மேயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என் பேரை வெச்சுட்டு, தேர்தல் நேரத்துல சாராயத்துல முக்குவியா? சாபம் வேற எதுவும் மிச்சம் இருக்கா?”

தேர்தல் முடியும்வரை எந்தச் சிலந்தியும் சாகக் கூடாது என்று இன்னொரு தீர்மானம் வந்தது. சாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சிமோவுக்கு. பத்துச் சிலந்திகளும் அவன் வீட்டு ஜன்னலுக்குக் குடிவந்தன.

“நகரசபையை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டியா?” என்றாள் நெனிதா. “இதுங்களுக்கு ஈ பிடிச்சுப் போடறது யாரு? நானா?”

“கொஞ்ச நாள்தான். வேலை நிரந்தரமாயிடும்.”

“அஞ்சு வருஷமா கொஞ்ச நாள்தான்.”

ஆனாலும் அவள் ஈ பிடித்துப் போட்டாள். தாமியானுக்கு மட்டும் கொஞ்சம் குறைவாகப் போட்டாள், அது பழைய பகை.

இதற்கிடையே ஊரில் குழப்பம் முளைத்தது. தோட்டத்துச் சிலந்திகள் எதுவும் மலரில் எழுதியபடி நடந்துகொள்ளவில்லை. பச்சையென்று அச்சானது மஞ்சளாயிற்று. கோடு இல்லாததற்குக் கோடு வந்தது. லூம்பாங்காரர்கள் படகில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். உடனே அவசரச் சட்டம் வந்தது: ‘நகர எல்லைக்குள் வசிக்கும் சிலந்திகள் அனைத்தும் மாத இறுதிக்குள் தத்தம் அதிகாரபூர்வ விவரிப்புக்கு இணங்க வேண்டும்; தவறினால் நடவடிக்கை.’ அந்த அறிவிப்பை வாழைமரம் வாழைமரமாக ஒட்டியவன் சிமோ. திரும்பி வரும்போது ஒட்டிய அறிவிப்புகளின் மேல் வலை கட்டியிருந்தது.

பூரிதா சிலந்தி சிமோ வீட்டு ஜன்னல் மூலையில் ஒரு முட்டைப்பை வைத்தது. சில நாளில் அது வெடித்துக் குஞ்சுகள் பரவின. நெனிதா அவற்றைத் துடைப்பத்தால் தள்ளாமல் விட்டுவைத்தாள். வாரங்கள் ஓட ஓடக் குஞ்சுகள் நிறம் கொண்டன. ஒரு நாள் அவள் கையிலிருந்த கரண்டியோடு சிமோவை ஜன்னலுக்கு இழுத்துப்போனாள்.

“பாரு. இந்தப் பச்சை யாரு? அந்த வெள்ளை யாரு? கோடு போட்டது? அதோ குட்டி குட்டியா செம்மஞ்சளா நாலு நிக்குதே, அது உங்க மேயர்தானே? எல்லாம் ஒரே பையில இருந்து வந்திருக்கு சிமோ. உங்க நகரசபை மொத்தமும் அந்தம்மா வயித்துப் பிள்ளைங்கதான்.”

சிமோ பார்த்தான். ஒரே இனம். பெரியது பெண், மிளகு மாதிரி இருப்பது ஆண். பெண் தின்பதைப் பொறுத்து நிறம், அன்று வெட்டுக்கிளி தின்றதும் ஊதாவானது போல. பத்து பேனர், பத்து ஞானஸ்நானம், அறுபது ஞானத்தந்தைகள், அறுபது ஞானத்தாய்கள், எல்லாம் ஒரே வாழைச் சிலந்திக்கு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்குப் பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்க வராது. டாக்டர் கிண்டானாவுக்குப் போன் செய்தான். டாக்டர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தான்.

“பிரமாதம்!” என்றார் டாக்டர். “இனத்தைப் பிரிச்சு எழுதினா ஒரு கட்டுரை. சேர்த்து எழுதினா இன்னொரு கட்டுரை. நான் உங்களுக்காகத்தான் காத்திட்டிருந்தேன்.”

“அப்போ எந்தப் பேர் நிக்கும் டாக்டர்?”

“எது முன்னாடி அச்சாச்சோ அது நிக்கும். மத்ததெல்லாம் அடிக்குறிப்புக்குப் போயிடும். ஆனா இங்க மேயர் பேரும் மேடம் பேரும் ஒரே நாள், ஒரே பக்கம். அதுக்கும் விதி இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு யாரு முதல்ல கண்டுபிடிச்சு எழுதறாரோ, அவரே ஒரு பேரைத் தேர்ந்தெடுக்கணும். அது உலகம் பூராவையும் கட்டுப்படுத்தும். எப்பவும் மாத்த முடியாது.”

“அப்போ நீங்களே...”

“நானா? என் புது ஆய்வகத்துக்கு அஸ்திவாரம் போட்டது மேயர். கூரை போட்டது மேடம். நான் எப்படிப்பா தேர்ந்தெடுக்க முடியும்? கண்டுபிடிச்சது நீங்க. எல்லாப் பெருமையும் உங்களுக்கே!”

அன்று மாலையே அவர் வானொலியில் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். இரவு சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நெனிதா கஞ்சியை அவன் முன்னால் வைத்துவிட்டு, “சாப்பிடு. நாளைக்கு உன்னைச் சாப்பிடுவாங்க” என்றாள்.

மறுநாள் மேயர் அறையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சிமோ நின்றான்.

“சிமோ, அந்தம்மாகிட்ட சொல்லு, எனக்கு எந்தக் கவலையும் இல்லைன்னு” என்றார் மேயர்.

“மேடம், மேயருக்கு எந்தக் கவலையும்...”

“கேட்டுச்சு. அவர்கிட்ட சொல்லு தம்பி, அடிக்குறிப்புலயும் நல்ல காத்தோட்டம் இருக்கும்னு.”

“மேயர், அடிக்குறிப்புல...”

“நீ எந்தப் பேரை வேணா தேர்ந்தெடு சிமோ” என்றார் மேயர், மிக அன்பாக. “இது ஜனநாயகம். யாரும் யாரையும் மிரட்ட முடியாது. உன் ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுதில்ல? நான்தானே கையெழுத்துப் போடணும்? சும்மாத்தான் கேட்டேன்.”

“தம்பி மனசாட்சிப்படிதான் நடப்பான்” என்றார் துணை மேயர், அதைவிட அன்பாக. “இன்னும் கொஞ்ச நாள்ல தேர்தல். அடுத்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறது யாருன்னு அவனுக்குத் தெரியாதா? நெனிதா நல்லா இருக்காளா? இன்னும் பிள்ளை இல்லையாமே? பாவம்.”

சிமோவுக்கு அழுகை வந்தது. மேயரைத் தேர்ந்தெடுத்தால் அம்மாள் வந்து விரட்டுவார். அம்மாளைத் தேர்ந்தெடுத்தால் மேயர் இப்போதே விரட்டுவார். இரண்டில் எது நடந்தாலும் வீட்டில் தொட்டில் ஆடாது.

முடிவை ஊர்த் திருவிழாவன்று, கூடைப்பந்து மைதானத்து மேடையில், எல்லார் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மைதானம் நிரம்பி வழிந்தது. பாதிக் கூட்டம் செம்மஞ்சள், பாதி ஊதா. மேடை நடுவே வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன் மேல் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. இரண்டு ஜாடி வைப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் எந்த ஜாடி வலப்பக்கம் என்ற சண்டை தீரவில்லை. அதனால் ஒற்றுமையின் அடையாளமாக ஒரே ஜாடியில் இரண்டையும் போடுவது என்று அவை முடிவு செய்தது. சிமோ தடுத்துப் பார்த்தான். “ரெண்டும் ஒரே இனம்னு நீதானே சொன்னே? அப்புறம் என்ன?” என்று அவன் வாயை அடைத்துவிட்டார்கள்.

மேயர் பேச எழுந்தார். அவர் பேச்சு நீளம் என்பது ஊருக்குத் தெரியும். குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“அன்பான சான் கலிஸ்தோ மக்களே! இந்தச் சிலந்தி யாரு? நான்தான்! நான் வலை கட்டறது எனக்காகவா? இல்லை! என் வலையில யார் வந்தாலும் நான் விட்டது உண்டா? இல்லை! என் மாமன் வந்தான், வேலை கொடுத்தேன். என் மச்சான் வந்தான், வேலை கொடுத்தேன். மச்சானோட மச்சான் வந்தான், வேலை இல்லைன்னாலும் சம்பளம் கொடுத்தேன். இதைச் சில பேர் குடும்ப அரசியல்ங்கிறாங்க. எங்க குடும்பத்துல ஒற்றுமை எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க?”

ஜாடிக்குள் பூரிதா சிலந்தி மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தது. முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

“இந்தச் சின்ன உருவத்துக்குள்ள எவ்வளவு தைரியம் இருக்குன்னு பாருங்க! எதிரி எவ்வளவு பெரிசா இருந்தாலும் பின்வாங்காது!”

ருஸ்திகோ சிலந்தி உண்மையிலேயே பின்வாங்கவில்லை. நடுங்கி நடுங்கி முன்னால் போயிற்று. அது போன காரணம் வேறு, பங்குத்தந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அப்புறம் கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் “ஆ!” என்றது.

மேயர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கையை இன்னும் உயர்த்தினார். “ஆமாம்! அப்படித்தான்! முழுசா உங்களுக்கே என்னைக் கொடுத்துடறேன்!”

அவர் குனிந்து பார்த்தபோது ஜாடியில் ஒரே ஒரு சிலந்திதான் இருந்தது. அதன் வாயோரம் செம்மஞ்சளாக ஒரு கால் துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் உள்ளே போயிற்று.

“நான் எங்கே?” என்றார் மேயர்.

மைக் அதை ஊருக்கே எடுத்துச் சொன்னது. ஊதாப் பக்கம் விசில் பறந்தது. செம்மஞ்சள் பக்கம் நாற்காலிகள் எழுந்தன.

டாக்டர் கிண்டானா எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். “விதிப்படி மேயரோட மாதிரி அழியலை. பத்திரமாத்தான் இருக்கு. இருக்கிற இடம் மட்டும் மாறியிருக்கு. துணை மேயரோட வயிறு.”

“அறுத்து எடு வெளியில!” என்று கத்தினார் மேயர்.

“என் பேரைத் தொட்டுப் பாரு!” என்று எழுந்தார் அம்மாள். ஒரு வருஷத்தில் கணவனிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. “அடிவயித்தை யாரும் பார்க்கக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவந்தது உன் ஆளுதானே? அறுக்க மட்டும் அனுமதியா?”

“கேட்காம எல்லாத்தையும் முழுங்கறதே உன் பழக்கம்!”

“முழுங்கற அளவுக்கு உன்கிட்ட என்ன இருந்துச்சு?”

போலீஸ்காரர் ஜாடிக்கு அரக்கு முத்திரை வைத்தார். ஜாடி மேசையில் இருந்தபடியே கைதானது. பிறகு இருவரும், மைதானமும், சிமோவின் பக்கம் திரும்பினார்கள்.

“சொல்லு சிமோ. யார் பேரு நிக்கும்?”

சிமோ மைக்கின் முன் வந்தான். கூட்டத்தில் நெனிதாவைத் தேடினான். அவள் மூன்றாம் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ‘ருஸ்திகோ’ என்று சொல்ல வாயெடுத்தான், ஊதாக்காரர்கள் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. ‘பூரிதா’ என்று மாற்றிக்கொள்ளப் போனான், செம்மஞ்சள் நாற்காலிகள் தலைக்கு மேல் உயர்ந்தன. அத்தனை வருஷமாகக் கோப்பு தூக்கி, மைக் பிடித்து, மூலையில் நின்று கேட்ட குரல்களெல்லாம் அந்த நேரத்தில் அவன் தொண்டைக்கு வந்து சேர்ந்தன.

“மாண்புமிகு மேயர் அவர்களே, மாண்புமிகு துணை மேயர் அவர்களே. இது மிக முக்கியமான விஷயம். இந்தச் சிலந்தி பல நிறம் கொண்டது. ஒவ்வொரு நிறத்தையும், ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு தோட்டத்திலும் பார்க்க வேண்டியிருக்கு. அவசரப்பட்டு ஒரு பேரைச் சொன்னா அது ரெண்டு பேருக்கும் செய்யற துரோகம். ஆகவே இந்த விஷயம் தீவிரப் பரிசீலனையில் இருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவிச்சுக்கறேன்.”

தூக்கிய நாற்காலிகள் கீழே இறங்கின. பிறகு செம்மஞ்சளும் ஊதாவும் சேர்ந்து கை தட்டின. தன் பெயர் தோற்கவில்லை என்று மேயருக்கு நிம்மதி. தன் பெயர் தோற்கவில்லை என்று அம்மாளுக்கும் நிம்மதி. டாக்டர் கிண்டானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இவர்தான்யா விஞ்ஞானி” என்றார்.

அதன் பிறகு இரு தரப்புக்கும் ஒரே பயம்தான். சிமோவை வேலையை விட்டு அனுப்பினால் வீட்டில் உட்கார்ந்து கோபத்தில் ஏதாவது ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அச்சடித்துவிடுவானோ? அது உலகத்தையே கட்டுப்படுத்துமே. பரிசீலனை முடியும்வரை அவன் பதவியில் இருக்க வேண்டும் என்று தாமியான் முன்மொழிந்தார், எதிர்வரிசை வழிமொழிந்தது. பரிசீலனை எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. மேயரும் துணை மேயரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சிமோ நிரந்தர ஊழியனானான். தேர்தலில் அம்மாள் மேயரானார், ருஸ்திகோ துணை மேயரானார். பேனர்களில் படங்கள் மட்டும் இடம் மாறின.

சிமோ தினமும் காலையில் வாழைத் தோட்டத்துக்குப் போய்ச் சிலந்திகளைப் பார்த்தான். மதியத்துக்குள் திரும்பிவிடுவான். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. ஒரே இனம் என்று குழந்தைக்கும் தெரியும், அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்வதாகச் சொல்வது அவனை உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. வெட்கமும் பழகக்கூடியதுதான்.

நெனிதா வாக்குத் தவறவில்லை. அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு இரண்டு கார்கள் வாசலில் வந்து நின்றன. ஒன்றிலிருந்து ருஸ்திகோ இறங்கினார், மற்றதிலிருந்து பூரிதா அம்மாள். இருவர் கையிலும் பழக்கூடை. இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“ஞானத்தந்தை நான்தான், அதுல பேச்சே இல்ல” என்றார் ருஸ்திகோ. “பையன்தான் பிறப்பான். பேரு ருஸ்திகோ. பேனருக்குச் சொல்லியாச்சு.”

“பொண்ணு பிறப்பா. பேரு பூரிதா” என்றார் அம்மாள். “பையனே பிறந்தாலும் பரவாயில்ல, பூரிதோன்னு வெச்சுக்கலாம்.”

இருவரும் சிமோவின் பக்கம் திரும்பினார்கள். சிமோ எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

“மாண்புமிகு மேயர் அவர்களே, மாண்புமிகு துணை மேயர் அவர்களே. இது மிக முக்கியமான...”

அடுக்களை வாசலில் நெனிதா கரண்டியோடு வந்து நின்றாள்.

“பரிசீலனை கிரிசீலனைன்னு வாயைத் திறந்தே, உன்னையும் ஜாடிக்குள்ள போட்டு மூடிடுவேன்” என்றாள். “என் பிள்ளைக்கு நான் பேர் வெச்சாச்சு. ரெண்டு பேரும் பழத்தை வெச்சுட்டுக் கிளம்புங்க.”

மேயரும் துணை மேயரும் கூடையை வைத்துவிட்டு எழுந்தார்கள். சிமோ மெல்ல உட்கார்ந்தான். என்ன பெயர் என்று அவளிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.